கிளாஸ்ல மூணு குரூப்பா கிடக்கோம், கண் முகாம் வேலை மொத்தமும் எங்களுக்கு வந்திருக்கு, எப்பிடி சேர்ந்து செய்யறது?

பேத்தி_தர்மபுரி:

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் தர்மபுரியில ஒரு காலேஜ்ல பி.எஸ்சி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், கிளாஸ் ரெப்பும் நான்தான். மொத்தம் 54 பேரு. ஒன்றரை வருஷம் ஓடிப்போச்சு, இன்னும் பாதிப் பேருகிட்ட நான் சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேசினதில்ல. ஹாஸ்டல்ல இருக்கறவங்க ஒரு குரூப், பென்னாகரம் பஸ்ல வர்றவங்க ஒரு குரூப், அரூர் மொரப்பூர் பக்கம் இருந்து வர்றவங்க ஒரு குரூப். பெல் அடிச்சதும் பஸ்காரங்க ஓடிடுவாங்க, அந்த பஸ்ஸ விட்டா ஊருக்குள்ள போற அடுத்த வண்டி இருட்டினதுக்கப்புறம்தான், அதனால அவங்கள தப்பு சொல்லவும் முடியாது. ஹாஸ்டல்காரங்களுக்கு அப்புறம்தான் கிரவுண்டு, டீக்கடை, அரட்டை எல்லாம். இப்பிடியே போச்சு. போன பொங்கல் விழாவுக்கு ஆளுக்கு நூறு ரூபா பிரிச்சதுல கணக்கு சரியா வரலன்னு ஒரு சண்டை வந்துச்சு, மொரப்பூர் பொண்ணு ஒருத்தி எல்லார் முன்னாடியும் என்னைய கேள்வி கேட்டுட்டா, நானும் கோவத்துல ஏதோ சொல்லிட்டேன், அதுலேர்ந்து வாட்ஸ்அப் குரூப்பே மூணா உடைஞ்சு போச்சு.

இப்ப எங்க என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) பி.ஓ. சார், அதாவது திட்ட அலுவலர், பென்னாகரம் பக்கத்துல ஒரு கிராமத்து ஸ்கூல்ல இலவச கண் சிகிச்சை முகாம் நடத்தப் போறாங்க, கண் ஆஸ்பத்திரி டீம் வருது, வாலண்டியர் வேலை முழுக்க உங்க கிளாஸ்தான்னு சொல்லிட்டார். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. பேர் குடுங்கன்னு கேட்டா குரூப் குரூப்பாதான் குடுக்கறாங்க, அவங்க வந்தா நாங்க வரல, எங்களுக்கு தனியா ஒரு வேலை குடுத்துருன்னு சொல்றாங்க. சில பேரு சர்டிபிகேட் உண்டான்னு மட்டும் கேக்கறாங்க. ஞாயித்துக்கிழமைங்கறதால பொண்ணுங்க நிறைய பேருக்கு வீட்ல விடுவாங்களான்னும் தெரியல.

எங்க ஆயாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை வந்து, கடைசி ரெண்டு வருஷம் என் மூஞ்சிய தடவிப் பாத்துதான் நீயான்னு கேக்கும். ஆபரேஷனுக்கு பயந்துகிட்டு போகவே இல்ல. அதனால இந்த முகாம் எனக்கு ரொம்ப முக்கியம், இது உருப்படியா நடக்கணும். கிளாஸும் சேரணும்னு ஆசை. இந்த மாதிரி வேலை செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, நிஜமாவே ஆளுங்க சேர்ந்தாங்களா, வேலைய எப்பிடி பிரிச்சீங்க?


டேம்_காத்து:

தங்கச்சி, சேருவாங்க. நான் கிருஷ்ணகிரியில படிச்சவன், இப்ப ஓசூர்ல கம்பெனி வேலை. எங்களுக்கு நடந்தத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோ.

எங்க கிளாஸ்ல தளி பக்கத்துலேர்ந்து ஒருத்தன் வருவான். வீட்ல கன்னடம். தமிழ் நல்லாவே பேசுவான், ஆனா இழுவை வேற மாதிரி இருக்கும், சில வார்த்தை மாறி விழும். அத நாங்க கிண்டல் பண்ணுவோம். நாங்கன்னு பொதுவா சொல்லிட்டு தப்பிக்க விரும்பல, அதிகமா பண்ணினது நான்தான். அவன் வாய் திறந்தாலே நான் அப்பிடியே பேசிக் காட்டுவேன், பெஞ்சே சிரிக்கும். ரெண்டாவது செமஸ்டர்ல அவன் கிளாஸ்ல பேசறதையே நிறுத்திட்டான். வருகைப் பதிவுக்கு எஸ் சார்னு சொல்றதோட சரி.

என்எஸ்எஸ் ஏழு நாள் கேம்ப்புக்கு அஞ்செட்டி பக்கம் ஒரு கிராமத்துக்கு போனோம். அதுல ஒரு நாள் கண் பரிசோதனை. வந்த வயசானவங்க முக்கால்வாசிப் பேருக்கு கன்னடம், மிச்சம் பேருக்கு தெலுங்கு. எழுத்து தெரியாதவங்களுக்குன்னு ஈ மாதிரி ஒரு குறிய நாலு பக்கமும் திருப்பித் திருப்பி போட்ட அட்டை இருக்கும், அதுல குச்சி எந்தப் பக்கம் நீட்டிகிட்டிருக்குன்னு கையால காட்டணும். நான் அந்த இடத்துல நின்னுகிட்டு எந்தப் பக்கம் பாட்டி எந்தப் பக்கம் பாட்டின்னு கத்தறேன், அந்தம்மா என் மூஞ்சியவே பாக்கறாங்க. காது கேக்கலன்னு நெனச்சு இன்னும் சத்தமா கத்தறேன். பின்னாடி சேர் அடுக்கிட்டு இருந்தவன் வந்து, ‘யாவ கடெ அஜ்ஜி’ன்னு ஒரு தடவ மெதுவா கேட்டான். அந்தம்மா சிரிச்சிட்டு டக்குன்னு கையக் காட்டினாங்க.

அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அவன் பேர்தான் நாலு பக்கமும். டாக்டர் கூப்புடறார், பிரஷர் பாக்கற நர்ஸ் கூப்புடறாங்க, பேர் எழுதற பொண்ணுங்க கூப்புடறாங்க. சாப்பாட்டுக்கு உக்காரவே விடல, நான்தான் அவனுக்கு தட்டுல போட்டு எடுத்துட்டுப் போய் குடுத்தேன். ராத்திரி ஸ்கூல் வராண்டாவுல படுத்திருக்கறப்ப அவன் பக்கத்துல போய் பாய போட்டு, மச்சான் நான் பண்ணினது தப்புன்னு நேராவே சொன்னேன். அவன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், நாளைக்கு நீயும் நாலு வார்த்தை கத்துக்கோ என்னால ஒரே ஆளா முடியலன்னான். ‘கண்ணு காணுத்தா’, ‘பன்னி’, ‘கூத்கொள்ளி’ இதெல்லாம் அந்த ராத்திரி கத்துக்கிட்டது. பன்னின்னா வாங்கன்னு அர்த்தம், அதுக்கு எல்லாரும் சிரிச்சதுல அவனும் சிரிச்சான், அவன் எங்களோட சேர்ந்து சிரிச்சத நான் மொத தடவையா அன்னைக்குதான் பாத்தேன்.

அவன் தங்கச்சி கல்யாணத்துல பந்தி பரிமாறினது எங்க பெஞ்ச்தான்.

அதனால உனக்கு நான் சொல்றது இதுதான். உங்க 54 பேர்ல யாருக்கு என்ன தெரியும்னு உனக்கே இன்னும் தெரியாது. குரூப்புக்கு ஒரு வேலைன்னு மட்டும் குடுத்துடாத, கலந்து போடு.


சொட்டுமருந்து_அக்கா:

நான் பத்து வருஷத்துக்கு மேல கண் முகாம் டீம்ல போறவ. காலேஜ் பிள்ளைங்க நல்லா வேலை செஞ்ச முகாமும் பாத்திருக்கேன், கூட்டமா நின்னு செல்ஃபி மட்டும் எடுத்த முகாமும் பாத்திருக்கேன். உனக்கு தேவையானத சொல்றேன் கண்ணு, எழுதி வச்சுக்கோ.

முதல்ல தேதி. உங்க பி.ஓ. சார்கிட்ட கேளு, அந்த ஊர்ல அந்த வாரம் புளி வேலை இருக்கான்னு. மாசி பங்குனியில புளி உடைக்கிற வேலை ஓடறப்ப முகாம் போட்டா ஆயாங்க யாரும் வர மாட்டாங்க, கொட்டை எடுத்துக் குடுத்தா அன்னைக்கு கூலி, அத விட்டுட்டு எப்பிடி வருவாங்க. சந்தை நாளும் பாத்துக்கணும். போச்சம்பள்ளி பக்கம் ஞாயித்துக்கிழமை முகாம் போட்டு ஆளே இல்லாம உக்காந்திருந்தோம், அன்னைக்கு ஊரே சந்தையில.

ஆட்டோவுல மைக் கட்டி சொல்றது வேணும்தான், ஆனா அத மட்டும் நம்பாத. மைக்க கேட்டு வர்றவங்க நடந்து வர முடிஞ்சவங்க. உண்மையா கண்ணு தெரியாதவங்க வீட்டுக்குள்ள கட்டில்ல இருப்பாங்க. முந்தின வாரம் ரெண்டு நாள் வீடு வீடா போங்க. காலைல பால் சொசைட்டி, அப்புறம் நூறு நாள் வேலை நடக்கற இடம், ரேஷன் கடை, இந்த மூணுலயும் சொன்னா ஊர் பூரா போயிடும். ஆதார் கார்டு, போன் நம்பர், ஏற்கெனவே சாப்பிடற மாத்திரை இருந்தா அதையும் எடுத்துட்டு வரச் சொல்லு. ஆபரேஷனுக்கு தேர்வானா அன்னைக்கே பஸ்ல கூட்டிட்டுப் போகற மாதிரிதான் பெரும்பாலும் இருக்கும், அதனால மாத்துத் துணியும் வேணும். வீட்ல ஒருத்தர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு வரச் சொல்லு.

வெறும் வயித்துல வரணும்னு நெனச்சு காலைல ஆறு மணிக்கே பட்டினியா வந்து உக்காந்துடுவாங்க, அதுல சர்க்கரைக்காரங்க இருப்பாங்க, மயக்கம் வந்துடும். சாப்பிட்டு வாங்கன்னு வீட்டுக்குப் போறப்பவே சொல்லுங்க, முகாம்லயும் டீ பிஸ்கட் ரெடியா இருக்கட்டும்.

பேர் எழுதற டேபிள்ல நிதானமான ஆளா போடு. பெரியவங்களுக்கு போன் நம்பர் தெரியாது, ஒரு சீட்டுல மகன் நம்பர், இன்னொண்ணுல பக்கத்து வீட்டு நம்பர் இருக்கும், ரெண்டையும் எழுது. அந்த நம்பர்தான் அப்புறமா அவங்கள தேடிப் பிடிக்க ஒரே வழி. பார்வை பாக்கற அட்டைக்கு 6 மீட்டர் தூரம், டேப் வச்சு அளந்து சாக்பீஸ்ல கோடு போடு, குத்துமதிப்பா நிக்க வைக்காத. அட்டைக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கக் கூடாது. ஒரு கண்ண உள்ளங்கையால மூடச் சொல்லணும், அமுக்கக் கூடாது, விரலால மூடினா இடுக்கு வழியா பாத்துடுவாங்க. நாப்பது வயசுக்கு மேல வெள்ளெழுத்து வந்து, ஊசியில நூல் கோக்க முடியல, அரிசியில கல்லு தெரியலன்னு சொல்றவங்க நிறைய வருவாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல, அவங்களுக்கு கண்ணாடி போதும்.

கண்ணுல சொட்டு விட்டு பாப்பாவ விரிய வச்ச பிறகு சில மணி நேரம் எல்லாம் மங்கலா தெரியும், வெளிச்சம் கூசும். அவங்கள நிழல்ல பெஞ்ச் போட்டு உக்கார வை. படி இறங்கறப்ப கையப் பிடிச்சுக்கணும். தாத்தா ஒருத்தர் டிவிஎஸ் எக்ஸ்எல்ல வந்திருப்பார், அவர் வண்டிய எடுக்க விடாதீங்க, யாராவது கொண்டுபோய் விடணும்.

வேலைய ரெண்டு ரெண்டு பேரா பிரி. ஒருத்தர் எழுத, ஒருத்தர் கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போக. ஹாஸ்டல்ல ஒண்ணு பஸ்ல ஒண்ணுன்னு ஜோடி போட்டா, சண்டை போடவும் நேரம் இருக்காது கண்ணு, மணிக்கு ஒரு தடவ நீ தண்ணி குடிச்சியா நான் பாத்துக்கறேன் போய்ட்டு வான்னு சொல்லியே ஆகணும்.

கடைசியா முக்கியமான ஒண்ணு. புரை இருக்கு, ஆபரேஷன் பண்ணினா தெரியும், காசு எதுவும் வேணாம்னு சொன்னாலும் நிறைய பேர் பஸ்ல ஏற மாட்டாங்க. பயம் ஒரு காரணம்தான். அதவிட பெருசா, ஆட்ட யாரு பாப்பா, மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா, பேரனுக்கு யாரு சோறு ஆக்குவாங்கற கேள்வி இருக்கு. அதுக்கு எங்க டீம்கிட்ட பதில் கிடையாது. ஊர்ப் பிள்ளைங்க உங்ககிட்ட இருக்கலாம்.


மூணாவது_பெஞ்ச்:

நான் இத முழுசா ஒத்துக்க மாட்டேன். எங்க காலேஜ்லயும் ரத்ததான முகாம் நடந்துச்சு, அன்னைக்கு எல்லாரும் அண்ணன் தம்பியா இருந்தோம், ஒரே தட்டுல சாப்பிட்டோம், ஸ்டேட்டஸ் போட்டோம். அடுத்த திங்கக்கிழமை அவங்கவங்க பெஞ்சுக்கு போய்ட்டோம். ஒரு நாள் வேலையில எல்லாம் மாறிடும்னு அந்தப் பொண்ணுக்கு நம்பிக்கை குடுக்கறது சரியில்ல. எனக்கு அது அப்ப ரொம்ப வலிச்சது, அதான் சொல்றேன். அப்புறம் கண்ணுல கட்டு போட்டிருக்கற பெரியவங்கள போட்டோ எடுத்துப் போடாதீங்க, அவங்ககிட்ட யாரும் கேக்கறதே இல்ல.


பழைய_பிஓ:

மூணாவது பெஞ்ச் சொல்றதுல நியாயம் இருக்கு தம்பி. நான் பல வருஷம் திட்ட அலுவலரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஒரு நாள் முகாம் மட்டும் நடத்தி முடிச்சா நீங்க சொன்னதுதான் நடக்கும், நானே பாத்திருக்கேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969ல காந்தி நூற்றாண்டு வருஷத்துல செப்டம்பர் 24 அன்னைக்கு 37 பல்கலைக்கழகங்கள்ல ஆரம்பிச்சது. அதுல ஒரு மாணவனுக்கு ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம்னு வச்சிருக்காங்க, வருஷத்துக்கு 120. ஒரே நாள்ல தீர்க்கற கணக்கா அத வைக்கல பாருங்க. ஒரு கிராமத்த எடுத்துக்கிட்டு அங்கேயே திரும்பத் திரும்ப போகணும்ங்கறதுதான் ஏற்பாடு. ரெண்டாவது தடவ போறப்ப ஊர்க்காரங்க பேர் சொல்லிக் கூப்புடுவாங்க, மூணாவது தடவ, அன்னைக்கு வந்துச்சே அந்த உசரமான பையன் எங்கேன்னு கேப்பாங்க. அப்ப பசங்களுக்கு வேற வழியில்ல, அவனையும் கூட்டிட்டுதான் போயாகணும்.

கண் முகாம்ல இதுக்கு இடம் தானாவே இருக்கு. ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஒரு மாசம் வரைக்கும், சில பேருக்கு அதுக்கு மேலயும் சொட்டு மருந்து விடணும், டாக்டர் எழுதிக் குடுக்கற கணக்குப்படி வாரா வாரம் குறைச்சுகிட்டே வரணும். கண்ண கசக்கக் கூடாது, தண்ணி படக் கூடாது, விறகு அடுப்புப் புகையில உக்காரக் கூடாது. இதெல்லாம் வீட்ல தனியா இருக்கற ஒரு அம்மாவுக்கு யாரு ஞாபகப்படுத்துவாங்க? அந்த ஜோடிங்களுக்கு ஆளுக்கு ஒரு நோயாளிய ஒப்படைச்சுடுங்க. தினமும் ஒரு போன், வாரம் ஒரு தடவ யாராவது நேர்ல.

டீஷர்ட் அடிக்கலாம்னு கண்டிப்பா யாராவது ஆரம்பிப்பாங்க. அந்தக் காச பஸ்ஸுக்கு வைங்க. சாப்பாடு போடறதா இருந்தா நூறு பேருக்கு பத்து கிலோ அரிசி கணக்கு, சாம்பார் சாதம் வச்சா பெரியவங்க மெல்ல கஷ்டப்பட மாட்டாங்க. கணக்க ஒரு நோட்டுல எழுதி, மூணு குரூப்லேர்ந்தும் ஒருத்தர் கையெழுத்து போடட்டும். பொங்கல் விழா சண்டை எதுல வந்துச்சோ அத முதல்ல அடைச்சிடுங்கம்மா.


பாலக்கோடு_தக்காளி:

கண் முகாம் பத்தி எனக்கு தெரியாது, ஆனா சேர்றத பத்தி ஒண்ணு சொல்லணும்னு தோணுது. எனக்கு பல்லுல பழுப்புக் கறை. இந்த ஜில்லாவுல வளந்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, போர் தண்ணியில ஃப்ளோரைடு. காலேஜ் சேர்ந்த முதல் வருஷம் பூரா நான் துப்பட்டாவால வாய மூடிக்கிட்டுதான் சிரிப்பேன், குரூப் போட்டோவுல உதட்ட இறுக்கி வச்சிருப்பேன். பல்லு தேய்க்க மாட்டியான்னு ஒரு பொண்ணு கேட்டதுக்கப்புறம் அந்த பெஞ்ச் பக்கமே போகல.

அப்புறம் ஒரு கிராமத்துக்கு தண்ணி டெஸ்ட் பண்ண கூட்டிட்டுப் போனாங்க. சின்ன கிட்டு குடுத்தாங்க, தண்ணியில மருந்து ஊத்தினா கலர் மாறும், ஃப்ளோரைடு அதிகமா இருந்தா ரோஸ் கலர் போய் மஞ்சளா ஆகும். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம தாண்டினா குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நாங்க எடுத்த ஒரு போர் தண்ணி அப்பிடியே மஞ்சளா மாறிச்சு. அந்தப் போர் பக்கத்துல நின்ன ஆறேழு பிள்ளைங்களுக்கும் என்னோட பல்லு. முட்டி மடக்க முடியாம ஒரு ஆயா திண்ணையில உக்காந்திருந்தாங்க.

காய்ச்சிக் குடிச்சா சரியாயிடுமான்னு ஒரு அம்மா கேட்டாங்க, ஆமான்னு எங்க கிளாஸ் பையன் சொல்லப் போனான், நான் குறுக்க பூந்து இல்லைங்க, காய்ச்சினா தண்ணிதான் ஆவியாகும் ஃப்ளோரைடு போகாது, இன்னும் அடர்த்தியாதான் ஆகும்னு சொன்னேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல ஆரம்பிச்சது, அந்தத் தண்ணிய குடிக்க சமைக்க மட்டும் தனியா பிடிச்சு வைங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு பல்லு உள்ள உருவாகற வயசுலதான் இந்தக் கறை விழும், பெரியவங்க ஆனதுக்கப்புறம் புதுசா வராது, அதனால கைக்குழந்தைக்கு மொதல்ல குடுங்கன்னு சொன்னேன். எங்க அம்மா எனக்கு சொன்னதுதான் எல்லாம். பேசி முடிச்சப்பதான் கவனிச்சேன், இவ்வளவு நேரம் துப்பட்டாவ பிடிக்கல.

பல்லு தேய்க்க மாட்டியான்னு கேட்டாளே, அவ திரும்பி வர்றப்ப பஸ்ல என் பக்கத்துல உக்காந்து, எனக்கு தெரியாதுடி நான் சென்னையில வளந்தவன்னு அழுதுட்டா. இப்ப எனக்கு இருக்கற ஒரே நெருங்கின ஃப்ரெண்டு அவதான்.


காரிமங்கலம்_அம்மா:

நான் ஒரு பொண்ணோட அம்மா. வீட்ல விடுவாங்களான்னு கேட்டிருக்க, அதுக்கு மட்டும் சொல்றேன் சாமி. எங்களுக்கு சேவை செய்யறது பிடிக்காம இல்ல. எத்தன மணிக்கு பஸ், யாரு கூட வர்ற மேடம், அங்க பாத்ரூம் இருக்கா, திரும்பி எங்க இறக்கி விடுவாங்க, இந்த நாலும் தெரிஞ்சா விட்டுடுவோம். என் பொண்ணு காலேஜ்ல ஒரு மேடம் அவங்களே போன் பண்ணி அஞ்சு நிமிஷம் பேசினாங்க, நான் மட்டும் இல்ல எங்க தெருவுல இன்னும் மூணு பேர் அனுப்பினாங்க. நீயும் உங்க மேடத்த விட்டு பேசச் சொல்லு. உங்க ஆயாவுக்காக நீ பண்றது பெரிய விஷயம், உங்க வீட்ல நீயே அத சொல்லு, என்கிட்ட எழுதினத அப்பிடியே சொல்லு.


பேத்தி_தர்மபுரி:

முகாம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுத முடிஞ்சது. எல்லாருக்கும் மனசார நன்றி. நடந்தத சொல்லணும்.

மேடம் போன் பண்ணினாங்க, ரெண்டு பொண்ணுங்க தவிர எல்லாரும் வந்தாங்க. பேர சீட்டு போட்டுதான் ஜோடி பிரிச்சேன், என் ஜோடிய மட்டும் நானே வச்சேன், அந்த மொரப்பூர் பொண்ணு. கணக்கு நோட்டையும் அவகிட்டதான் குடுத்தேன். வாங்கிட்டு ரெண்டு நிமிஷம் என்னையவே பாத்தா, அப்புறம் சரின்னா. பொங்கல் காசுல நான் பூ வாங்கின ரசீத தொலைச்சது என் தப்புதான்னு அவகிட்ட சொல்லிட்டேன். நான் உன்ன திருடின்னு நெனக்கலடி, கணக்கு தெரியணும்னு மட்டும்தான் கேட்டேன்னு அவ சொன்னா. இத சொல்ல எங்களுக்கு ஏன் இத்தன மாசம் ஆச்சுன்னு தெரியல.

வீடு வீடா போனப்ப பென்னாகரம் பஸ் பசங்கதான் எல்லாமே. எந்த வீட்ல யாரு இருக்காங்க, எந்த நாய் கடிக்கும், யாருகிட்ட எந்த முறை சொல்லி பேசணும், எல்லாம் அவங்களுக்கு தெரியுது. ஹாஸ்டல் பசங்க அவங்க பின்னாடியே போய், ஆளுக்கொரு வீட்ல மோர் குடிச்சிட்டு வந்தாங்க. முகாம் அன்னைக்கு 6 மீட்டர் கோடு போட்டது நான், அக்கா சொன்ன மாதிரியே டேப் வச்சு. டாக்டர் வந்து அத பாத்துட்டு யாருமா அளந்ததுன்னு கேட்டாங்க.

ஆபரேஷனுக்கு தேர்வானதுல ஒரு ஆயா பஸ் படி வரைக்கும் வந்துட்டு திரும்பிட்டாங்க. எவ்வளவு கெஞ்சியும் கேக்கல. அக்கா எழுதினது சரியா அதேதான், ஆறு ஆடு இருக்கு, ஒண்ணு குட்டி போட்டு ஒரு வாரம்தான் ஆகுது, யாரு பாப்பாங்கன்னு. எங்க ஆயா ஞாபகம் வந்து எனக்கு தொண்டை அடைச்சிட்டுது, பேச முடியல. அப்ப எங்க கிளாஸ்ல கடைசி பெஞ்ச்ல உக்கார்ற பஸ் பையன் ஒருத்தன், அவன் இதுவரைக்கும் எதுக்கும் முன்னாடி வந்ததில்ல, ஆயா நான் பக்கத்து ஊருதான், இன்னார் பேரன், உங்க ஆட்ட நான் பாத்துக்கறேன் ஏறுங்கன்னான். அந்த ஆயா அவன் தாத்தா பேர ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிட்டு, எந்த ஆடு எத திங்கும், எது முட்டும், குட்டிய ராத்திரி கூடையால கவுத்து மூடணும்னு எல்லாம் சொல்லிட்டு ஏறினாங்க.

மூணு நாள். அவன் ஒரே ஆளா எப்பிடி, காலேஜும் வரணுமேன்னு ஹாஸ்டல் பசங்க நாலு பேர் வார்டன்கிட்ட பர்மிஷன் வாங்கி முறை வச்சு போனாங்க. அதுல ஒருத்தன் திருப்பூர்க்காரன், ஆட்ட பக்கத்துல போய் தொட்டதே இல்ல. கயித்த அவுத்து விட்டுட்டு தாய் ஆட்டுப் பின்னாடி அரை கிலோமீட்டர் ஓடியிருக்கான், மொரப்பூர் பொண்ணுதான் போன்லயே, ஓடாத, நின்னு பச்சைத் தழைய காட்டு வந்துரும்னு சொல்லிக் குடுத்திருக்கா. உடைஞ்ச மூணு வாட்ஸ்அப் குரூப்பும் அப்பிடியேதான் இருக்கு, ஆனா நாலாவதா ஒண்ணு வந்திருக்கு, அதுக்கு பேர் ‘ஆறு ஆடு ஒரு குட்டி’. 48 பேர் அதுல இருக்காங்க.

மூணாவது பெஞ்ச் அண்ணா, நீங்க சொன்னது என் மனசுல இருந்துட்டே இருந்துச்சு. எல்லா ஜோடிக்கும் ஒரு நோயாளி குடுத்திருக்கோம், பி.ஓ. ஐயா சொன்னபடி சொட்டு மருந்து எந்த நேரத்துக்கு எத்தன தடவன்னு எழுதி போன்ல அலாரம் வச்சிருக்கோம். ரெண்டு ஜோடி சரியா பண்றதில்ல, அத நான்தான் பாத்துக்கறேன். கட்டு போட்ட போட்டோ ஒண்ணுகூட யாரும் போடல. ரத்ததான முகாம்ல உங்களோட ஒரே தட்டுல சாப்பிட்டவங்க நம்பர் உங்ககிட்ட இன்னும் இருக்கும்ல அண்ணா, ஒரு போன் பண்ணுங்க.

அந்த ஆயாவ பஸ் இறக்கி விட்ட அன்னைக்கு நாங்க ஏழு பேர் போயிருந்தோம். கருப்புக் கண்ணாடி போட்டுகிட்டு வீட்டுக்குள்ள போகாம நேரா பட்டிக்கு போய் ஒவ்வொண்ணா தொட்டு எண்ணினாங்க. அப்புறம் அந்த பஸ் பையனப் பாத்து, குட்டி கொஞ்சம் இளைச்சிருக்கு, நீ தாய்கிட்ட சரியா விடலன்னு சொன்னாங்க. குட்டி நெத்தியில வெள்ளைப் புள்ளி இருக்கறது இப்பதான் தெரியுது, எனக்கு எல்லாம் ஒரே கருப்பாதான் தெரிஞ்சதுன்னாங்க. திருப்பூர்க்காரன் அத கேட்டுட்டு வெளிய போய் நின்னுட்டான்.

வர்ற ஞாயித்துக்கிழமை வெள்ளெழுத்துக்காரங்களுக்கு கண்ணாடி குடுக்க திரும்பவும் போறோம். காலைல ஏழு மணி பஸ், ஹாஸ்டல்காரங்க முன்னாடியே ஏறி பென்னாகரம் ரோட்ல ஏறப் போற எங்களுக்கு இடம் போட்டு வைக்கறோம்னு சொல்லியிருக்காங்க.